இன்றிரவு எந்த உயரத்தில் தூக்கம்?

நேபாளத்தின் நாம்சே பஜார், கடல் மட்டத்திலிருந்து 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் புறப்பட்டவர்கள் லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கி, பெரும்பாலும் இரண்டு நாள் நடையில் இங்கே வந்து சேர்கிறார்கள். மறுநாள் காலை வானம் தெளிவாக இருக்கும், காலிலும் தெம்பு இருக்கும். ஆனாலும் வழிகாட்டி மூட்டையைக் கட்ட விடமாட்டார். இன்னோர் இரவும் இதே ஊர், இதே கட்டில்தான் என்பார். அதற்காகப் படுத்துக் கிடக்கவும் விடமாட்டார். 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை மெல்ல ஏற்றிக் கூட்டிப்போய், ஒரு டீ குடிக்க வைத்து, மறுபடியும் நாம்சேக்கே இறக்கிக் கொண்டுவருவார். விடுப்பையும் காசையும் எண்ணி எண்ணிச் செலவழித்து வந்தவர்களுக்கு அது வெட்டி நாளாகத் தோன்றும். பயணத் திட்டத்தில் எந்த நாளைக் குறைக்கலாம் என்று பார்க்கும்போது முதலில் கை வைப்பதும் அந்த நாளில்தான். அதை மட்டும் தொடவே கூடாது.

மேலே போகப் போக ஆக்சிஜன் குறைகிறது என்பார்கள். அது பாதி சரி. மெரினா கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். பஞ்சு மூட்டைகளை அடுக்கினால் அடியில் இருப்பது மேலே உள்ளவற்றின் பாரத்தில் நசுங்கி இறுகிக் கிடக்கும், உச்சியில் இருப்பது உப்பலாக இருக்கும். காற்றும் அப்படித்தான். 5,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. 1981இல் கிறிஸ் பிஸோ என்ற அமெரிக்க மருத்துவர் எவரெஸ்ட் உச்சிக்கே அழுத்தமானியைக் கொண்டுபோய் அளந்தபோது அது பாதரச அளவில் 253 மில்லிமீட்டர் காட்டியது. கடற்கரையில் 760. ஆக, உச்சியில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது வழக்கமான ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த மாற்றம் திடீரென்று வந்தால் என்ன ஆகும் என்பதை 1875 ஏப்ரலில் பிரான்ஸில் நடந்த ஒரு விபத்து காட்டியது. ‘ஜெனித்’ என்ற பலூனில் மூன்று பேர் 8,000 மீட்டருக்கும் மேலே போனார்கள். சுவாசிக்க ஆக்சிஜன் பைகளும் கூடவே இருந்தன. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் குழாயை எடுக்கக் கை எழவில்லை. மயக்கம் வருவதற்குச் சற்று முன்புவரை வலியோ பயமோ இல்லை, ஒருவிதச் சுகமாகவே இருந்தது என்று உயிர் தப்பிய கஸ்தோன் திசாண்டியே பின்னால் எழுதினார். அவருக்குக் காது கேட்காமல் போனது. மற்ற இருவரும் பலூனிலேயே இறந்துவிட்டார்கள்.

நூற்று மூன்று ஆண்டுகள் கழித்து, 1978 மே 8ஆம் தேதி, ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் அதைவிட உயரமான எவரெஸ்ட் உச்சியில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் போய் நின்றார்கள். உயிரோடு இறங்கியும் வந்தார்கள். அவர்கள் கைதேர்ந்த மலையேறிகள் என்பது உண்மை. ஆனால் பலூனில் போனவர்களுக்குச் சில மணி நேரமே கிடைத்தது. இவர்கள் பல வாரங்களாக மலையிலேயே தங்கி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி உடலைப் பழக்கியிருந்தார்கள்.

பழக்குவது என்றால் உடலுக்குள் என்ன நடக்கிறது? கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசியளவு உறுப்பு ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் முதலில் கண்டுகொள்வது அதுதான். உடனே மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கச் சொல்லி உத்தரவு போகிறது. இங்கே ஒரு சிக்கல். வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. அதைப் பார்த்த மூளை, ‘போதும், மூச்சைக் குறை’ என்று தடை போடுகிறது. ஒரு பக்கம் வேகம், மறு பக்கம் தடை. இந்த இழுபறி தூக்கத்தில் நன்றாகத் தெரியும். அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் மூச்சு படிப்படியாக உயர்ந்து, தாழ்ந்து, சட்டென நின்றுவிடும். சில விநாடிகள் சத்தமே இருக்காது. பிறகு நீரிலிருந்து தலை தூக்கியவர் போல ஒரு பெரும் மூச்சு. முதன்முதலாகக் கேட்பவர் பதறிப்போய் எழுப்பிவிடுவார். உயரத்தில் அது பரவலாக நடப்பதுதான், அதனால் மட்டும் ஆபத்தில்லை.

இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். ரத்தத்தில் மிஞ்சிய காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மலையில் அடிக்கடி சிறுநீர் போவது நல்ல அறிகுறி என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான். ஆனால் இந்த வேலை ஒரே இரவில் முடியாது, சில நாட்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் கூடுவது இன்னும் மெதுவான கதை. அதற்கான ஹார்மோன் சில மணி நேரத்திலேயே சுரக்கத் தொடங்கினாலும், புதிய அணுக்கள் போதிய அளவு உருவாக வாரங்கள் ஆகும். செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உடல் பழகும் வேகத்தைவிட ஏறும் வேகம் மிஞ்சினால் வருவது மலைநோய். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். போய்ச் சேர்ந்த உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில் தலைவலியாக ஆரம்பிக்கும். பசியெடுக்காது, குமட்டும், தலை சுற்றும், உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கும். வெயில், அலைச்சல், ஒத்துக்கொள்ளாத சாப்பாடு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். மலை மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி வேறு: உயரத்தில் வரும் தலைவலியும் குமட்டலும் வேறு காரணம் உறுதியாகும்வரை மலைநோய்தான்.

உடம்பில் வலு இருந்தால் வராது என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. மாரத்தான் ஓடுபவருக்கும் வரும், தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் வரும். பார்க்கப்போனால் வலு இருப்பவர்தான் முதல் நாளே வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார். பீட்டர் ஹாக்கெட், ட்ரம்மண்ட் ரென்னி என்ற இரு மருத்துவர்கள் எவரெஸ்ட் பாதையில் 4,243 மீட்டர் உயரத்திலுள்ள பெரிச்சே கிராமத்தில் 278 நடைப்பயணிகளைச் சோதித்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 53 சதவீதம் பேருக்கு மலைநோய் இருந்தது. லுக்லா வரை விமானத்தில் வந்தவர்களுக்கும், வழியில் குறைவான இரவுகள் தங்கி விரைந்து ஏறியவர்களுக்கும் அதிகம் வந்திருந்தது. இளம் வயது பாதுகாப்புத் தரவில்லை. இளையவர்களிடம்தான் அது கூடுதலாகக் காணப்பட்டது.

தமிழ்நாட்டிலிருந்து இமயமலைக்குப் போகிறவர்கள் வெள்ளியங்கிரி ஏறிப் பழகுகிறார்கள், கொல்லிமலைப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். தொடைக்கும் முழங்காலுக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் தமிழ்நாட்டின் உச்சமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மலைநோய் தலைகாட்டத் தொடங்கும் உயரமே ஏறக்குறைய அதுதான். இங்கே எத்தனை மாதம் பழகினாலும் 4,000 மீட்டருக்கான மூச்சுப் பழக்கம் வந்துவிடாது. அதை அந்த உயரத்தில் இரவு தங்கித்தான் பெற முடியும்.

இந்தப் பாடத்தை இந்திய ராணுவம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1962 இந்திய-சீனப் போரையொட்டிய ஆண்டுகளில் சமவெளியிலிருந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் மிகக் குறுகிய காலத்தில் இமய எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் தலைவலியிலும் வாந்தியிலும் சுருண்டார்கள். பலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவும் 1,925 வீரர்களைக் கவனித்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் மலை மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஆவணம்.

இன்று ராணுவத்தில் இதற்கு உறுதியான நடைமுறை இருக்கிறது. 2,700 முதல் 3,600 மீட்டர் வரை முதல் கட்டம், ஆறு நாள். முதல் இரண்டு நாளும் ஓய்வுதான். முகாமுக்குள் மெல்ல நடமாடலாம். மூன்றாம், நான்காம் நாட்களில் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் நடை, ஏற்றம் கூடாது. ஐந்தாம், ஆறாம் நாட்களில் ஐந்து கிலோமீட்டர் வரை நடக்கலாம், 300 மீட்டர் வரை ஏறலாம். 4,500 மீட்டர் வரையிலான அடுத்த கட்டத்துக்கு நான்கு நாள், அதற்கும் மேலே போக இன்னும் நான்கு நாள். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிற வீரரும் மறுபடி பழகித்தான் மேலே போக வேண்டும். உடல் பெற்ற பழக்கம் சமவெளியில் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. ‘போன வருஷம் போனபோது ஒன்றும் ஆகவில்லையே’ என்ற தைரியத்துக்கு இங்கே மதிப்பில்லை.

இத்தனை பக்குவம் ராணுவத்தில் இருக்க, சுற்றுலாவும் யாத்திரையும் நேர் எதிர்த் திசையில் போகின்றன. கயிலாய யாத்திரைக்கு நேபாள வழியாகப் போகும் ஒரு திட்டத்தைப் பாருங்கள். நேபாள்கஞ்ச் சமவெளி ஊர், உயரம் 150 மீட்டர் அளவில்தான். அங்கிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், ஏறக்குறைய 2,900 மீட்டர். அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா, 3,600 மீட்டருக்கும் மேல். எல்லை தாண்டிப் பேருந்தில் ஏறினால் மானசரோவர் 4,590 மீட்டரில் இருக்கிறது. கயிலாயத்தைச் சுற்றிவரும் பாதையில் உள்ள டோல்மா கணவாய் 5,630 மீட்டர். நடுவில் எத்தனை இரவுகள் எங்கே தங்க வைக்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. யாத்திரிகர்களில் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு என ஏதேனும் ஒன்று கூடவே வரும். இந்திய அரசு லிபுலேக் கணவாய் வழியாக நடத்தும் யாத்திரையில் டெல்லியில் ஒரு மருத்துவச் சோதனை, குஞ்சி முகாமில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் செய்யும் மறுசோதனை என இரண்டு கட்டம் உண்டு. அங்கே தேறாதவர் திரும்ப வேண்டியதுதான். வாழ்நாள் ஆசையோடு வந்தவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கண்டிப்பு கருணையானது.

யாத்திரிகர்கள் நடைப்பயணிகளைவிட அதிக ஆபத்தில் இருப்பதை நேபாள மருத்துவர் புத்த பஸ்ன்யாத் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார். காத்மாண்டுவுக்கு வடக்கே 4,300 மீட்டருக்கு மேலுள்ள கோசாயிகுண்டம் ஏரிக்கு ஆவணி அவிட்டத்தையொட்டிய பௌர்ணமியில் பெருங்கூட்டம் நீராடப் போகிறது. 2,000 மீட்டர் அளவிலிருந்து புறப்பட்டு ஓரிரு நாளிலேயே ஏறிவிடுகிறார்கள். அவருடைய குழு அங்கே சோதித்த யாத்திரிகர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலைநோய் இருந்தது. தள்ளாடி நடப்பவர்களும், இருக்கும் இடம் தெரியாமல் குழம்பியவர்களும்கூட இருந்தார்கள். தலைவலித்தாலும் தரிசனம் முடியாமல் இறங்க மனம் வராது. கூட்டத்தோடு வந்தவர் தன்னால் மற்றவர்கள் நிற்க வேண்டாமே என்று வாயைத் திறக்கமாட்டார்.

பையில் பச்சைக் கற்பூரம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சி பரவும், மூச்சு தாராளமாகப் போவதுபோல இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதில்லை. கடைகளில் விற்கும் சிறு ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்கு வரும், அவ்வளவே. தண்ணீர் குடிக்க வேண்டும். உடலில் நீர் வற்றினாலும் தலைவலி வரும் என்பதால் அது அவசியம். ஆனால் லிட்டர் கணக்கில் குடித்தால் மலைநோய் அண்டாது என்பதற்கு ஆதாரம் இல்லை. மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சை மட்டுப்படுத்தும், முதல் நாட்களில் இரண்டையும் தொடக்கூடாது.

பலன் தரும் மாத்திரை ஒன்று உண்டு. அசிட்டஸோலமைட், கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள். சிறுநீரகம் நாட்கணக்கில் செய்யும் வேலையை அது முடுக்கிவிடுகிறது. 250 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். விரல் நுனிகள் மதமதக்கும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்கள், ஆகவே மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டோம் என்று இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் ஏறினால் அதுவும் கைவிடும்.

எனவே பயண நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சாப்பாடு எப்படி, அறை எப்படி என்பதல்ல. ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறோம் என்று எழுதி வாங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் பரவாயில்லை, உடல் கணக்கு வைப்பது தூங்கும் உயரத்தைத்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு இந்த இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இரண்டாவது இரவு தங்க வேண்டும். எவரெஸ்ட் பாதையில் நாம்சேக்குப் பிறகு 4,410 மீட்டரிலுள்ள திங்போச்சேயிலும் ஒரு நாள் நிற்பது இந்தக் கணக்கில்தான்.

லடாக்குக்கும் இதே கணக்கு. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் 3,500 மீட்டரிலுள்ள லே. உடல் ஒரு படிகூட ஏறவில்லை, ஆனால் மலைமேல் வந்தாயிற்று. முதல் 48 மணி நேரம் லேயைத் தாண்டக் கூடாது. அதன் பிறகும் முதலில் நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போவது நல்லது. வழியில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் கணவாயைக் கடந்தாலும், தூங்கும் இடமான திஸ்கித், ஹுந்தர் கிராமங்கள் லேயைவிடத் தாழ்வானவை. 4,200 மீட்டரைத் தாண்டிய பாங்காங் ஏரிக்கரைக் கூடாரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாளே பாங்காங்கில் இரவு தங்க வைக்கும் திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் உடல் ஒத்துழைக்காமல் போகலாம். லேசான தலைவலி என்றால் அதே உயரத்தில் நின்றுவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். நிற்காமல் மேலே போனால் இரண்டு விதமாக முற்றும். ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது. மலைநோய்களில் அதிக உயிர்களைப் பறிப்பது இதுதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், போகப் போக நுரை கலந்த இளஞ்சிவப்புச் சளி வரும். மற்றது மூளை வீக்கம். குடித்தவரைப் போலத் தள்ளாடுவார், பேச்சு குழறும், ஷூ கயிற்றைக்கூடக் கட்டத் தெரியாமல் விழிப்பார். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்களோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அந்த ராத்திரியிலேயே இறக்க வேண்டும். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவரே அடித்துச் சொல்வார். மூளையே பாதிக்கப்பட்டிருக்கும் நேரத்தில் அவர் சொல்வதை நம்பி முடிவெடுக்க முடியாது. பக்கத்தில் நடப்பவரின் கண்தான் அங்கே சாட்சி.

முதல் மருந்து இறக்கம். 300 மீட்டர் இறங்கினாலே சிலருக்குத் தெளிந்துவிடும், ஆயிரம் மீட்டர் இறக்கினால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். பனிப்புயலில் இறக்க வழியில்லாதபோது ஆக்சிஜனும், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளும் நேரம் வாங்கித் தரும். இகோர் காமோவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கிய காற்றுப்பையும் உண்டு. நோயாளியை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி, வெளியே ஒருவர் காலால் பம்ப்பை மிதித்துக்கொண்டே இருப்பார். உள்ளே காற்றழுத்தம் ஏறி, சுமார் 1,500 மீட்டர் கீழே இறங்கிவிட்டதுபோல உடல் உணரும். மிதிப்பதை நிறுத்த முடியாது; ஆள் மாற்றி ஆள் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். 1973இல் தொடங்கிய இமாலய மீட்புச் சங்கம் பெரிச்சேயில் நடத்தும் மருத்துவ நிலையத்தில், நடைப்பயணக் காலத்தில் மதியம் மூன்று மணிக்கு மருத்துவர்கள் மலைநோயைப் பற்றிப் பயணிகளுக்கு இலவசமாக வகுப்பெடுக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் தவறவிடக்கூடாது.

மூட்டை சுமப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையில் சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் ஷெர்பாக்கள், அவர்களுக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். திபெத்தியர்களிடமும் ஷெர்பாக்களிடமும் உயரத்துக்கு இணங்கிய மரபணு அமைப்பு இருப்பது உண்மை. அதில் ஒன்று, அழிந்துபோன டெனிசோவன் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் போர்ட்டர்களில் பெரும்பகுதியினர் தாழ்வான குன்றுப் பகுதிகளிலிருந்து கூலிக்கு வந்த ராய், தமாங், மகர் இனத்தவர். அவர்களுடைய உடலும் நம் உடலைப் போலத்தான். முப்பது கிலோ சுமையோடு, போதிய குளிர் உடையில்லாமல் ஏறுகிறார்கள். தலைவலி என்று சொன்னால் கூலி போய்விடும் என்று வாய் திறப்பதில்லை. இவர்களுக்காக 1997இல் உருவான சர்வதேச போர்ட்டர் பாதுகாப்புக் குழு, பயணிகளிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறது. போர்ட்டருக்கும் குளிர் உடை, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அவருக்கு முடியாமல் போனால் அன்றைய கூலியைக் கொடுத்துத் தனியாகக் கீழே அனுப்பிவிடக்கூடாது. அவருடைய மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்ப வேண்டும், வைத்தியத்துக்கும் வழிச்செலவுக்கும் பணம் கொடுத்து.